சுவிட்சுகளை அடுக்கி வைத்தால் போதுமா?

இணையவழித் தேர்வு நடக்கும்போது கணினி ஆய்வகத்தில் ஒரு வரிசைக் கணினிகள் மட்டும் இணைப்பை இழந்தால், நாம் முதலில் இணையத்தைத்தான் சந்தேகிப்போம். ஆனால் காரணம் சுவரோரப் பெட்டியிலுள்ள நெட்வொர்க் சுவிட்சாக இருக்கலாம்.

ஒரு சுவிட்சில் 24 போர்ட்டுகள்; ஆய்வகத்தில் 40 கணினிகள் என்றால் இரண்டாவது சுவிட்ச் தேவை. வழக்கமாக ஒரு சாதாரண கேபிளால் இரண்டையும் இணைத்துவிடுகிறோம். இதில் இரண்டு குறைகள் உண்டு. இரண்டாம் சுவிட்சிலுள்ள கணினிகள் அனைத்தும் அந்த ஒரு கேபிளின் வேகத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அது பழுதானால் அத்தனையும் துண்டிக்கப்படும்.

பாதுகாப்புக்கு இன்னொரு கேபிள் போட்டால் என்ன? இங்கேதான் கவனம் தேவை. ஈதர்நெட் தகவல் துணுக்குகளுக்கு ஆயுள் வரம்பு இல்லை. எல்லாக் கணினிகளுக்கும் செல்லும் அறிவிப்பு ஒன்று இரு கேபிள்களிலும் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் வலையமைப்பையே முடக்கிவிடும். இதைத் தடுக்க 1985-இல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கியதே ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை. அது கூடுதல் பாதையை மூடி வைத்து, முதல் பாதை அறுந்தால் மட்டும் திறக்கும். விலை குறைந்த சுவிட்சுகள் பலவற்றில் இவ்வசதி இல்லை.

ஸ்டேக்கிங் முறை வேறு. சுவிட்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது மட்டும் ஸ்டேக்கிங் ஆகாது. அதற்கென உள்ள போர்ட்டுகளில் வளையமாக இணைக்கும்போது அவை ஒரே பெரிய சுவிட்ச்போல இயங்கும். ஒன்று தலைமை ஏற்கும். ஒரே முகவரியில் அனைத்தையும் நிர்வகிக்கலாம். வளையத்தில் ஒரு கேபிள் அறுந்தால் தகவல் எதிர்த்திசையில் செல்லும். தலைமைச் சுவிட்ச் பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும். கணினிகள் கூடும்போது இன்னொரு சுவிட்சைச் சேர்க்கலாம். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 3750 வகையில் 9 வரை இணைக்க முடியும்.

எனினும், பழுதான சுவிட்சில் நேரடியாகச் செருகப்பட்ட கணினிகள் நிற்கத்தான் செய்யும். சர்வரில் இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகள் இருந்தால் அவற்றை வெவ்வேறு சுவிட்சில் இணைத்து, ஒரே இணைப்பாக அமைத்துத் தரச் சொல்லுங்கள். எல்லாச் சுவிட்சுகளும் ஒரே மின்பலகையில் இருந்தால், அந்தப் பலகை பழுதாகும்போது ஸ்டேக்கிங்கும் கைகொடுக்காது.

புதிய சுவிட்சுக்குக் கருத்துரு அனுப்பும்போது, ஸ்டேக்கிங் வசதி உண்டா, ஏற்கெனவே உள்ள மாதிரியுடன் சேருமா என்று கேளுங்கள். அவ்வசதி இல்லாத பள்ளிகளில் ஓர் உபரிச் சுவிட்சை வைத்துக்கொண்டு, கேபிள்களில் எண் ஒட்டி வையுங்கள். தேர்வு நாளில் மாணவர் காத்திருக்கும் நேரம் அதனாலேயே வெகுவாகக் குறையும்.