விமானங்களை நிறுத்தி நடக்கும் ஆங்கிலத் தேர்வு: கொரிய மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மதியம் 1.05 முதல் 1.40 வரை தென் கொரியாவில் எந்த விமானமும் ஏறாது, இறங்காது. வந்து சேர்ந்த விமானங்கள்கூட வானத்திலேயே வட்டமடித்துக் காத்திருக்கும். காரணம், கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் நடக்கிறது! ஒலிபெருக்கியில் வரும் ஆங்கிலத்தைக் கேட்டு விடை எழுதும் மாணவர்கள் காதில் வேறு சத்தம் விழுந்துவிடக் கூடாதாம்.

'சுனுங்' என்று அழைக்கப்படும் இந்தத் தேர்வன்று பங்குச்சந்தை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். நேரமாகிவிட்ட மாணவர்களை போலீஸ் வண்டியே தேர்வு மையத்தில் கொண்டுபோய் விடும். எந்தக் கல்லூரி, என்ன வேலை என்பதெல்லாம் இந்த ஒருநாள் தேர்வை நம்பி இருப்பதால் அத்தனை கவனம்.

2025 நவம்பரில் இந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர். ஆங்கிலத்தில் 90 மதிப்பெண்ணைத் தொட்டால் முதல் நிலை. அதை எட்டியவர்கள் சுமார் 3 சதவிகிதம் மட்டுமே. முந்தைய ஆண்டில் இது 6 சதவிகிதம். 'வினாத்தாளா இது?' என்று மாணவர்களும் பெற்றோரும் கொதிக்க, தேர்வு நடத்தும் நிறுவனத்தின் தலைவர் டிசம்பரில் பதவி விலகினார்.

இத்தனைக்கும் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இவர்கள். சொற்களை மனப்பாடம் செய்வதில் கெட்டிக்காரர்கள். ஆனாலும், எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்த வாக்கியமே சில நேரம் புரியாமல் போகிறது. ஏன்?

உருபு இல்லாத மொழி

'நானுன் பபுல் மொகொத்தா' என்றால் கொரிய மொழியில் 'நான் சோற்றைச் சாப்பிட்டேன்'. அதே வரிசையில் நான், சோற்றை, சாப்பிட்டேன். நம் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வருகிறது. 'சோற்றை' என்பதில் உள்ள 'ஐ' போல, 'பபுல்' என்பதில் 'உல்' ஒட்டியிருக்கிறது. இரண்டும் ஒரே மொழிக் குடும்பம் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால், வாக்கியம் கட்டும் விதம் ஒன்றுபோல இருக்கிறது.

'நாய் மனிதனைக் கடித்தது', 'மனிதனை நாய் கடித்தது' இரண்டும் நமக்கு ஒன்றுதான். யார் கடித்தது, யார் கடிபட்டது என்பதை உருபு சொல்லிவிடும். கொரிய மொழியிலும் அப்படியே. ஆங்கிலத்தில் சொல்லை இடம் மாற்றினால் கடித்தவரே மாறிவிடுவார்!

'தி ஓல்ட் மேன் தி போட்' என்ற வாக்கியம் இதற்குப் பிரபலமான உதாரணம். 'வயதான மனிதர்' என்று ஆரம்பித்தால், அடுத்து வரும் 'படகு' எங்கே ஒட்டும்? இங்கே 'மேன்' என்பது மனிதர் அல்ல. 'இயக்கு' என்ற வினைச்சொல். 'முதியவர்கள் படகை இயக்குகிறார்கள்' என்பதே பொருள். ஆங்கிலேயர்களே ஒரு நொடி திகைத்துப்போகும் வாக்கியம் இது. உருபைத் தேடியே பழகிய கொரிய மாணவருக்கு இன்னும் சிரமம்.

ஆமாம் என்றால் காபி வரும்!

'டோன்ட் யூ லைக் காபி?' என்று கேட்டால், காபி பிடிக்காத கொரியர் 'எஸ்' என்பார். 'ஆமாம், பிடிக்காது' என்பது அவர் கணக்கு. நாமும் அப்படித்தானே சொல்வோம்? ஆங்கிலத்தில் 'எஸ்' என்றால் பிடிக்கும் என்று அர்த்தம். வேண்டாத காபி மேஜைக்கு வந்துவிடும்.

'ஐ குட்ன்ட் அக்ரீ மோர்' என்பதைக் கேட்டால், 'இதற்கு மேல் ஒப்புக்கொள்ள முடியாது' என்று மறுப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது முழுச் சம்மதம். 'இதைவிட அதிகமாக ஒப்புக்கொள்ள இடமே இல்லை' என்கிறார் பேசுபவர்.

'வாட் பிரிங்ஸ் யூ ஹியர்?' இன்னொரு வகை. 'எது உங்களை இங்கே கொண்டுவருகிறது?' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் சிரிப்பு வரும். 'என்ன விஷயமாக வந்தீர்கள்?' என்பதுதான் கேள்வி. உயிரில்லாத ஒன்றை எழுவாயாக வைப்பது ஆங்கிலத்துக்குச் சாதாரணம். கொரியக் காதுக்குப் புதுசு.

கோடு போட்டுப் படி

ஆங்கிலத் தேர்வில் 45 கேள்விகளுக்கு 70 நிமிடம். அதில் 17 கேள்விகள் காதால் கேட்டு எழுதுபவை. அவற்றுக்கே சுமார் 25 நிமிடம் போய்விடும். மீதி 28 கேள்விகளுக்கு, பத்தியைப் படிப்பதையும் சேர்த்து, தலைக்கு ஒன்றரை நிமிடம்தான். வாக்கியத்தின் கடைசிக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வந்து கொரிய மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும்.

அதற்காகக் கொரிய வகுப்புகளில் சொல்லித்தரும் முறையின் பெயர் 'ஜிக்தொக் ஜிக்கே'. 'நேராகப் படி, நேராகப் புரிந்துகொள்' என்று பொருள். வாக்கியத்தில் சிறு சாய்கோடுகள் போட்டுத் துண்டாக்கி, வந்த வரிசையிலேயே புரிந்துகொள்வார்கள்.

'தி கேர்ள் / ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர் / பாட் / எ சைக்கிள்' என்பதை, 'அந்தப் பெண் / பக்கத்து வீட்டில் இருப்பவள் / வாங்கினாள் / ஒரு சைக்கிளை' என்று படித்தால் போதும். 'பக்கத்து வீட்டில் இருக்கும் பெண்' என்று திருப்பிப் போட வேண்டியதில்லை. முக்கிய வினைச்சொல் எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே அது 'பாட்'. 'லிவ்ஸ்' அந்தப் பெண்ணைப் பற்றிய கூடுதல் தகவல் மட்டுமே.

வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தக் கோடு உதவும். பாடப்புத்தகத்தில் நீளமான ஒரு ஆங்கில வாக்கியத்தைக் காட்டி, 'இதில் யார், என்ன செய்தார்?' என்று முதலில் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு, மீதிச் சொற்கள் எதைப் பற்றிச் சொல்கின்றன என்று பார்க்கலாம். அகராதியைத் திறப்பது அதற்கும் பிறகுதான்.