இராஜபாளையம் நாய்க்குட்டி வாங்குவோருக்கு

மாடு வாங்கச் செல்வோர் சுழி பார்ப்பர். பல்லைப் பிடித்து வயதறிவர். நாய்க்குட்டி வாங்குவோரோ பெரும்பாலும் நிறத்தைக் கண்டு மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். இராஜபாளையம் நாயைப் பொறுத்தவரை இம்மயக்கமே அவ்வினத்துக்குக் கேடாய் முடிந்துள்ளது.

தமிழகத்தின் விருதுநகர் மாவட்டத்திலுள்ள இராஜபாளையம் நகரின் பெயரைத் தாங்கிய இந்நாய், வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. நெடிய கால்களும், ஒடுங்கிய வயிறும், இளஞ்சிவப்பு மூக்கும், பால்போன்ற வெண்ணிறமும் இதன் அடையாளங்கள். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சற்றுறை வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளுள் ஒன்று இதற்குரியது. ஆயினும் நல்ல குட்டி கிடைப்பது இன்றும் அரிதாகவே உள்ளது.

இவ்வினத்திற் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. தோலுக்கும் மயிருக்கும் நிறமூட்டும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருத்தல் வேண்டும். அங்கு அவை இல்லாவிடின், ஒலியை உணரும் நுண்ணிய உயிரணுக்கள் குட்டி பிறந்த சில வாரங்களுள் அழிந்துவிடும். தூய வெண்மையையே நாடித் தலைமுறைதோறும் தெரிந்தெடுப்பதும், நெருங்கிய உறவுடைய நாய்களையே இணைப்பதும் இக்குறையைப் பெருக்குகின்றன.

இரு செவியும் கேளாத குட்டியை வாங்குவோரே கண்டுகொள்ளலாம். அதனை மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்து, அது பாராத வேளையிற் பின்னால் நின்று ஒலியெழுப்புக. தரை அதிரவோ காற்றுப் படவோ கூடாது. ஒரு செவி மட்டும் கேளாத குட்டியோ நன்கு கேட்பது போலவே நடந்துகொள்ளும். ஒலியெழுப்பும்போது மூளையில் எழும் மின்னலைகளை அளக்கும் சோதனையாலன்றி அக்குறையைத் திட்டமாக அறிய இயலாது. அது வளர்ந்து குட்டியீனுமாயின் குறையும் வழிவழியாகத் தொடரக்கூடும்.

ஆகவே, பொறுப்புள்ள வளர்ப்பாளரை எவ்வாறு இனங்காண்பது? அவர் தாய் நாயை அது வாழும் இடத்திலேயே காட்டுவார். முன்னைய ஈற்றுக்களிற் செவிட்டுக் குட்டி பிறந்ததா என்று வினவினால் மழுப்பமாட்டார். பெற்ற நாய்களின் உறவுமுறையையும், போட்ட தடுப்பூசிகளையும் பதிவேட்டிற் காட்டுவார். எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கமாட்டார். கென்னல் கிளப் அத்தாட்சிப் பத்திரம் பரம்பரையைக் கூறுமேயன்றிச் செவியின் நிலையைக் கூறாது என்பதையும் மறைக்கமாட்டார்.

இவையனைத்தினும் மேலாக, அவர் நம்மை வினவுவார். வளவு எவ்வளவு பெரிது? வேலி உறுதியானதா? பகலில் வீட்டில் யார் இருப்பர்? ஓடுவதற்கென்றே பிறந்த இந்நாயைச் சங்கிலியிற் பிணைத்து வைத்தல் கொடுமை என்பதை அவர் அறிவார். நம்மால் வளர்க்க இயலாதுபோயின் நாயைத் தாமே திரும்ப ஏற்பதாகவும் வாக்களிப்பார். இவ்வினாக்களைக் கேட்டு நாம் சினங்கொள்ளலாகாது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு எதுவுமே வினவாதவரிடமே ஐயுறல் வேண்டும்.

இத்தகையோரை நாய்க் கண்காட்சிகளிலும், அனுபவமுள்ள மிருக வைத்தியர் வாயிலாகவும் தேடலாம். சில மாதங்கள் காத்திருக்கவும் நேரும். கடல் கடந்து இலங்கைக்குக் கொணர விரும்புவோர் இறக்குமதி அனுமதியையும் முற்கூட்டியே பெறல் வேண்டும்.

வாங்குவோர் எதைக் கேட்கின்றனரோ அதையே விற்போர் வளர்ப்பர். வெண்மையை மட்டும் கேட்டோம். செவிட்டுக் குட்டிகளும் உடன்வந்தன. இனியேனும் செவியை முதலிற் கேட்போமாக.