கோஆக்ஸ் வயரும் ஆன்டெனா ஆகும்போது

மொட்டை மாடியில 20 மீட்டர் பேண்டுக்கு ஒரு செங்குத்து ஆன்டெனா நிறுத்தின கதையைப் போன எபிசோட்ல சொன்னேன் இல்லையா? அதுக்கப்புறம் நடந்ததுதான் இன்னிக்கு.

50 வாட்ல பேச ஆரம்பிச்ச மறுநாளே கீழ்வீட்டு மாமா வந்துட்டார். "தம்பி, நீ பேசும்போதெல்லாம் எங்க டிவி ஸ்பீக்கர் கொரகொரங்குதுப்பா. இப்படியே போனா அசோசியேஷன்ல சொல்லிக் கழட்ட வெச்சிடுவேன்."

எனக்குப் புரியல. எஸ்.டபிள்யூ.ஆர். 1.3தான். டெஸ்ட் எல்லாம் பச்சை, ப்ரொடக்ஷன்ல மட்டும் அடி வாங்குற மாதிரி. ஆன்டெனா இருக்கிறது மாடியோட அந்தக் கோடியில. மாமா வீட்டு ஜன்னலை ஒட்டிப் போறது கோஆக்ஸ் வயர் மட்டும்தான்.

கோஆக்ஸ்ல பார்வைக்கு ரெண்டு கடத்தி: நடுக்கம்பி, அதைச் சுத்தி வலை. ஆனா உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். அதனால வலையோட உட்பக்கம் ஒரு பாதை, வெளிப்பக்கம் இன்னொரு பாதை. நடுக்கம்பியிலயும் வலையின் உட்பக்கத்துலயும் ஓடுறது சமமான, எதிரெதிர் மின்னோட்டம். வெளியே எதுவும் கசியாது.

சிக்கல் ஆன்டெனாவோட அடியில. அங்கே உட்பக்க மின்னோட்டத்துக்கு ரெண்டு வழி: ஒண்ணு ரேடியல் கம்பிகள், இன்னொண்ணு வலையோட வெளிப்பக்கம். நான் சோம்பேறித்தனமா ரெண்டே ரேடியல்தான் விரிச்சிருந்தேன். ஒரு பங்கு மின்னோட்டம் வெளிப்பக்கமா இறங்கி, வயரையே ஆன்டெனா ஆக்கிடுச்சு. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இதைக் காட்டிக் கொடுக்காது. வயரையும் சேர்த்து அளந்து "எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லும்.

தீர்வு ரெண்டு. நல்ல வழியை அகலமாக்கணும்: சுமார் 5 மீட்டர் நீளத்துல நாலு ரேடியல், நாலு திசையிலயும் சமமா. கெட்ட வழியை அடைக்கணும்: ஆன்டெனா அடியிலயே ஒரு சோக். எஃப்.டி. 240-31 ஃபெரைட் வளையத்துல ஆர்.ஜி. 58 வயரை 12 சுற்று சுத்தினேன். உள்ளே போற சிக்னலுக்கு இது தெரியவே தெரியாது. வெளிப்பக்க மின்னோட்டத்துக்கு மட்டும் சில ஆயிரம் ஓம் தடை. ஆன்டெனா பக்கத்துல தொங்குற வயர் அதோட அலையைத் திரும்பப் பிடிச்சுக்கும்; அதனால வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல இன்னொரு சோக்.

அப்புறம் எஸ்.டபிள்யூ.ஆர். 1.6 ஆச்சு. பரவாயில்லை, இப்போ அது உண்மையைச் சொல்லுது. ரிசீவர்ல இரைச்சலும் குறைஞ்சது, எல்.இ.டி. பல்பு, சார்ஜர் சத்தத்தை எல்லாம் அந்த வெளிப்பக்கம்தான் அள்ளிக்கிட்டு வந்திருக்கு.

உங்க வயரைச் சோதிக்கணுமா? குறைஞ்ச பவர்ல, கோஆக்ஸை அதோட பிளாஸ்டிக் உறைமேல பிடிச்சு நகர்த்திப் பாருங்க. எஸ்.டபிள்யூ.ஆர். மாறினா அதுவும் ஆன்டெனாதான்.

அன்னிக்கு ராத்திரி படியில மாமாவைப் பார்த்தேன். "என்னப்பா, இன்னிக்குப் பேசலையா?"

"ஒரு மணி நேரமா பேசிட்டுதான் வர்றேன் மாமா."