உள்ளமும் உதவியும் – 11: ‘எவ்வளவு சார் வந்திருக்கு?’

பிள்ளையின் உளவியல் சோதனை ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்ததும் பெற்றோர் பெரும்பாலும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் ஐ.க்யூ. எண் இருக்கும் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். “எவ்வளவு சார் வந்திருக்கு?” 84 என்றால் முகம் வாடிவிடுகிறது. 104 என்றால், “அப்புறம் ஏன் சார் படிக்க மாட்டேங்கிறான்?” என்கிறார்கள். நியாயமாக இந்த இரண்டாவது கேள்வியோடுதான் அவர்கள் வந்திருக்க வேண்டும். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது தெளிவாக இருந்தால்தான் எந்தச் சோதனை வேண்டும், அது வேண்டுமா வேண்டாமா என்றே முடிவு செய்ய முடியும்.

இந்தச் சோதனைகள் பிறந்ததும் அப்படி ஒரு கேள்வியிலிருந்துதான். பாரிஸ் பள்ளிகளில் எந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு தேவை என்று கண்டுபிடிக்க 1905இல் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 30 சிறு பணிகளை வரிசைப்படுத்தினார்கள். அறிவு என்பது பிறவியிலேயே அளந்து வைத்த சரக்கு என்ற பேச்சைப் பினே கடைசிவரை எதிர்த்தார். 1911இல் அவர் இறந்துபோனார். மறு ஆண்டு வில்லியம் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர் மனவயதை உண்மை வயதால் வகுக்கும் யோசனையைச் சொன்னார். நாம் கடைசிப் பக்கத்தில் தேடுகிற எண் அப்படி வந்தது. பினே பார்த்திருந்தால் மகிழ்ந்திருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் எடுத்து வைக்கப்படுகிற பினே-காமத் சோதனை, வி.வி. காமத் 1930களில் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காகத் தழுவி அமைத்தது. அன்றைய பிள்ளைகளின் சராசரியோடு இன்றைய பிள்ளையை ஒப்பிடுகிறோம். தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண்கள் ஏறிவந்திருக்கின்றன என்பதை ஜேம்ஸ் ஃப்ளின் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டியிருக்கிறார். ஆகவே பழைய அளவுகோலில் கிடைக்கும் எண் கொஞ்சம் தாராளமாகவே இருக்க வாய்ப்புண்டு. புதிய சோதனையானாலும் ஐந்தாறு புள்ளி முன்னே பின்னே இருக்கும். 84 என்பதை ‘எண்பதை ஒட்டி, தொண்ணூறுக்குள்’ என்று படிப்பதே சரி. எந்தச் சோதனை, எந்த மொழியில் செய்யப்பட்டது, பிள்ளை அன்று எப்படி ஒத்துழைத்தது என்று எழுதாத ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

104 வாங்கிய பையனுக்கு ஐ.க்யூ. சோதனை மட்டும் போதாது. வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி, எந்த இடத்தில் தடுக்குகிறது என்று பார்க்க வேண்டும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு என்று தெரியவந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. அவன் சோம்பேறி இல்லை என்று அப்பாவுக்குப் புரியும். என் அனுபவத்தில் பெரிய சலுகை அதுதான்.

சோதனைக்கு ஓரிரு மணி நேரம் ஆகும், சிலருக்கு இரண்டு அமர்வு. பிள்ளை சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்து வந்திருக்க வேண்டும். கண்ணாடி போடுகிற பிள்ளையென்றால் கண்ணாடியோடு. யூடியூபில் கேள்விகளைத் தேடிப் பழக்கி அழைத்துவராதீர்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வருகிறவர்களிடம் வைன்லேண்ட் அளவுகோலைக் கொண்டு பிள்ளை தானே சாப்பிடுகிறதா, தானே கடைக்குப் போகிறதா என்றெல்லாம் கேட்போம். உதவித்தொகை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் சிலர் எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார்கள். பயம் புரிகிறது; ஆனால் அந்தப் பதில்களை வைத்துத்தான் பிள்ளைக்கு அடுத்து எதைக் கற்றுக்கொடுப்பது என்றும் தீர்மானிக்கிறோம்.

பெரியவர்களுக்கு வேறு கருவிகள். சினிமாவில் வருகிற மைக்கறை அட்டைகள் மொத்தம் பத்து. ஹெர்மன் ரோர்ஷாக் 1921இல் வெளியிட்டவை. எம்.எம்.பி.ஐ.-2 என்ற வினாத்தாளில் 567 வாக்கியங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று குறிக்க வேண்டும். மிகைப்படுத்துகிறவரையும் மறைக்கிறவரையும் காட்டிக்கொடுக்கும் அளவீடுகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. இவற்றில் எதுவும் தனியாக நின்று நோயின் பெயரைச் சொல்லிவிடாது. நேரில் பேசியதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இனி சிகிச்சை. “நீங்களே நாலு புத்தி சொல்லுங்க சார்” என்று கணவரை முன்னால் தள்ளிவிடும் மனைவிமார் உண்டு. புத்தி சொல்ல வீட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். முதல் ஓரிரு அமர்வுகள் முழுக்கக் கேள்விகளாகவே போகும்: தூக்கம், குடி, குடும்பம், தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்பது வரை. கடைசிக் கேள்வியை நேராகவே கேட்போம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

பிறகு, எது மாற வேண்டும் என்று இருவருமாகப் பேசி முடிவு செய்வது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 45 முதல் 50 நிமிடம். மனச்சோர்வுக்கான சி.பி.டி. (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) என்றால் 12 முதல் 20 அமர்வுகள் வரை ஆகலாம். அமர்வுக்கு அமர்வு வீட்டுப்பாடம் உண்டு. ஓ.சி.டி. என்ற எண்ணச்சுழல் நோயால் ஒரு நாளில் முப்பது நாற்பது முறை கை கழுவுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்காரச் சொல்வோம். பதற்றம் ஏறும், பிறகு இறங்கும், அல்லது அந்தப் பதற்றத்தோடேயே இருக்க முடிகிறது என்று அவருக்கே தெரியவரும். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் பலன் கண்டு எழுதிய முறையின் வாரிசு இது. ஆரம்ப வாரங்களில் முன்பைவிட மோசமாகத் தோன்றும். அப்போதுதான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

வெளியே காத்திருக்கும் உறவினர், “உள்ளே என்ன சொன்னான்?” என்று கேட்பார். சொல்ல மாட்டோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த ரகசியத்தைக் காக்கிறது. 25ஆம் பிரிவு நோயாளிக்குத் தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியத்துக்கு விலக்கு உண்டு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்ல உளவியலாளருக்கு அடையாளம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை வைத்திருப்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு எண்ணைக் கேளுங்கள், தப்பில்லை.

கட்டணம் தயக்கமாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

ஏழெட்டு அமர்வு போயும் அசைவே இல்லையென்றால் போனை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். “எனக்கு இது ஒத்துவரல” என்று நேரிலேயே சொல்லுங்கள். முறையை மாற்றிப் பார்ப்பதும், மருந்து தேவையா என்று மனநல மருத்துவரிடம் அனுப்புவதும், இன்னொருவர் பெயரை எழுதிக் கொடுப்பதும் எங்கள் வேலைதான்.

(தொடரும்)