குருதிக் குழாயின் உட்சுவரும் உட்கரு ஏற்பிகளும்

குருதிக் குழாய் என்றவுடன் நீர்க்குழாயை நினைவிற் கொள்வோர் பலர். இவ்வொப்புமை பொருத்தமன்று. நீர்க்குழாயின் உட்புறம் உயிரற்றது. குருதிக் குழாயின் உட்புறமோ ஒற்றை வரிசையாய் அமைந்த உயிரணுக்களால் ஆயது. நலமுற்ற நிலையில் இவ்வுட்சுவரின்மீது வெள்ளணுக்கள் ஒட்டாது நழுவிச் செல்லும். கிருமி நுழைந்தாலோ காயம் நேர்ந்தாலோ அதே உயிரணுக்கள் தம் மேற்பரப்பில் ஒட்டுப்புரதங்களை முளைக்கச் செய்து, வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தித் திசுவினுள் அனுப்புகின்றன. அழற்சி தொடங்குவது இவ்வாறே. அழற்சி நமக்கு வேண்டுவதே. அது ஓயாது நீடிப்பதே கேடு. தமனிச் சுவரில் தங்கிய வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கிப் பருத்து, காலப்போக்கில் மாரடைப்பிற்கு வழிகோலுகின்றன.

இவ்வொட்டுப்புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடுவது என்.எஃப். கப்பா பி எனும் புரதம். அமைதிக் காலத்தில் அது உட்கருவிற்கு வெளியே, மற்றொரு புரதத்தின் பிடியில் அடங்கிக் கிடக்கும். அழற்சிச் செய்தி வந்ததும் அப்பிடி சிதைக்கப்படுகிறது. விடுபட்ட புரதம் உட்கருவினுள் புகுந்து தன் பணியைத் தொடங்குகிறது. அதனை மீண்டும் அடக்குவோர் யாவர்? அவருள் உட்கரு ஏற்பிகளும் அடங்கும்.

மனித உடலில் இவ்வகை ஏற்பிகள் 48 உள்ளன. கார்ட்டிசால் போன்ற கொழுப்பில் கரையும் ஹார்மோன்கள் உயிரணுவின் சவ்வினை எளிதிற் கடந்து உட்புகும். உள்ளே காத்திருக்கும் ஏற்பி அதனைப் பற்றிக்கொண்டு உட்கருவை அடையும். அங்கு அது செய்வன இரண்டு. டி.என்.ஏ.யில் தனக்குரிய இடத்தில் நேரே அமர்ந்து சில மரபணுக்களை எழுப்புவது ஒன்று. என்.எஃப். கப்பா பி அமர்ந்திருக்கும் இடத்திற்கே சென்று அதன் வேலையை முடக்குவது மற்றொன்று. புதிய ஆணை எதுவும் பிறப்பிக்காமல், பிறர் பிறப்பித்த ஆணையை நிறுத்தும் இவ்விரண்டாம் செயல் வியப்பிற்குரியது.

மருந்து முந்தியது, விளக்கம் பிந்தியது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் மூட்டழற்சி நோயாளிக்குக் கார்ட்டிசோன் அளித்தது 1948இல். அதனோடு உறவுடைய ஏற்பியின் மரபணு படியெடுக்கப்பெற்றதோ 1985இல். உட்சுவரின் பங்கு தெளிவாவதற்கு இன்னும் காலம் பிடித்தது. உட்சுவர் உயிரணுக்களில் மட்டும் இவ்வேற்பி நீக்கப்பெற்ற எலிகள், கிருமிநச்சு செலுத்தப்பட்டபோது மிகுதியாக மடிந்தன என்றும், டெக்சாமெத்தசோன் மருந்தும் அவற்றைக் காக்கவில்லை என்றும் 2013இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வெள்ளணுக்களையே அழற்சியின் நாயகராகக் கருதிவந்தோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறாயின் ஏற்பியைத் தூண்டும் மருந்தைத் தாராளமாகத் தரலாமே எனின், இடர் அங்கேதான் உள்ளது. ஒரே ஏற்பி கல்லீரலில் சர்க்கரையைப் பெருக்குகிறது; எலும்பை மெலிவிக்கிறது; கிருமியை எதிர்க்கும் ஆற்றலையும் குறைக்கிறது. 2020இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த பெரும் ஆய்வில், செயற்கைச் சுவாசத்திலிருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை டெக்சாமெத்தசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது; ஆக்சிஜன் தேவைப்படாதோர்க்கோ பயனில்லை. 2021இல் இந்தியாவில் பரவிய கரும்பூஞ்சை நோய்க்கு, நீரிழிவோடு இம்மருந்தினத்தின் அளவிறந்த பயன்பாடும் காரணமாயிற்று.

பிற ஏற்பிகளின் கதையும் எளிதன்று. பி.பி.ஏ.ஆர். ஆல்ஃபா எனும் ஏற்பியைத் தூண்டும் மருந்துகள், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த உட்சுவர் உயிரணுக்களில் ஒட்டுப்புரதத்தைக் குறைத்தன. எனினும் அவ்வினத்துப் பெமாஃபைப்ரேட், 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, குருதியின் டிரைகிளிசரைடைக் குறைத்தும் மாரடைப்பைக் குறைக்கவில்லை. தட்டில் மெய்யானது நாளத்திலும் மெய்யாக வேண்டும் என்பதில்லை.

ஏற்பியின் இரு செயல்களுள் அடக்கும் செயலை மட்டும் தூண்டும் மருந்தினை அறிஞர் நெடுநாள் தேடி வருகின்றனர். ஆயின் அவ்விரண்டையும் பிரிப்பது கடினம். ஏனெனில் ஏற்பி எழுப்பும் மரபணுக்களுள் சில தாமே அழற்சியைத் தணிக்கும் புரதங்களைத் தருவன.