ஆறு மீட்டரில் ஒரு கை பார்க்கலாம்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஹாம் ஒருவர் வீட்டுக்குப் போனால் அவருடைய ரிக்கை, அதாவது வானொலிப் பெட்டியை, கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஐகாம் 7300 போன்ற பெட்டியாக இருந்தால் திரையில் வரும் பேண்ட் வரிசையில் 50 என்று ஒன்று நிற்கும். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறார். இந்தியாவில் 50 முதல் 54 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு. காரணம், ஆறு மீட்டர் என்று அழைக்கப்படும் இந்த பேண்ட் ஓர் இரண்டுங்கெட்டான். இருபது மீட்டரைப் போல அன்றாடம் கடல் தாண்டாது. இரண்டு மீட்டரைப் போல வாக்கி-டாக்கியும் ரிப்பீட்டருமாக ஊருக்குள் அரட்டை அடிக்கவும் தோதுப்படாது. போட்டி என்று வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

அரசுத் தேர்வு எழுதி, உரிமமும் கால்சைனும் வாங்கியவர் நடத்தும் சொந்த வானொலி நிலையம்தான் ஹாம் நிலையம். குறித்த நேரத்துக்குள் எத்தனை நிலையங்களைப் பிடிக்கிறோம் என்பதே போட்டி. ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் சிக்யூ உலக விஎச்எஃப் போட்டியில் இரண்டே பேண்டுகள்: ஆறு மீட்டர், இரண்டு மீட்டர். ஆறில் ஒரு தொடர்புக்கு 1 புள்ளி, இரண்டில் 2 புள்ளி. இடையில் வாங்கி அனுப்பும் ரிப்பீட்டர் கூடாது. மொத்தப் புள்ளிகளை, பிடித்த கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். சூட்சுமம் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. இரண்டு மீட்டரில் மட்டும் 20 பேரை 3 கட்டங்களில் பிடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: 40 × 3 = 120. கூடவே ஆறு மீட்டரில் 30 பேரும் 12 கட்டங்களும் சிக்கினால் 70 × 15 = 1,050. புள்ளி பாதிதானே என்று ஆறு மீட்டரை ஒதுக்குகிறவர் கோட்டை விடுவது இங்கேதான்.

கட்டம் என்பது மெய்டன்ஹெட் முறையில் பூமியைப் பிரித்த பகுதி. கிழக்கு மேற்காக 2 பாகை, தெற்கு வடக்காக 1 பாகை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் என்கே03 கட்டம். ஆனால் 80 பாகை தீர்க்கரேகை திருநின்றவூருக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. அதைத் தாண்டித் திருவள்ளூர் போனால் எம்கே93. 13 பாகை அட்சரேகை செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமாகப் போகிறது. அதற்குத் தெற்கே தாம்பரம் என்கே02, ஸ்ரீபெரும்புதூர் எம்கே92. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்வது பூந்தமல்லிக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில். நான்கு கட்டங்கள் கூடும் இப்படிப்பட்ட மூலைகள் பல நாடுகளில் நடுக்கடலிலோ காட்டிலோ கிடக்கும். நமக்குப் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வாய்த்திருக்கிறது! வண்டியில் கட்டம் மாறி மாறி இயக்குபவர்களுக்குப் போட்டியில் ரோவர் என்று தனிப் பிரிவே உண்டு. கிளம்புமுன், உங்கள் உரிமம் அப்படி இடம் மாற்றி இயக்க அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரம் எப்படிக் கிடைக்கிறது? சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், அயனி மண்டலத்தின் ஈ அடுக்கில், சில நேரம் அடர்த்தியான திட்டுகள் உருவாகும். ஒரு திட்டு அகப்பட்டால் அலை ஒரே தாவலில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வரை போய் விழும். திட்டு கலைந்தால் பேச்சு பாதியிலேயே அறுந்துபோகும். மேஜிக் பேண்ட் என்று ஹாம்கள் செல்லமாகச் சொல்வது இதனால்தான். ஜூலைப் போட்டியில் நம்பியிருக்க வேண்டியதும் இந்தத் திட்டுகளைத்தான்.

இன்னொரு வழி, காந்த நடுக்கோட்டின் உபயம். அந்தக் கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் கோட்டின் அருகாமைதான் காரணம். கோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் 15 பாகை அளவு தள்ளி, மேலே எஃப் அடுக்கில் எலெக்ட்ரான்கள் மேடுகட்டி நிற்கும். 50 மெகாஹெர்ட்ஸ் அலை ஒரு மேட்டில் பட்டு, தரையைத் தொடாமலே மறு மேட்டுக்குப் போய்க் கீழே இறங்கும். ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் இப்படிப் பேசிக்கொள்கின்றன. நாம் இரண்டு மேடுகளுக்கும் நடுவில் இருப்பதால் பல தாவல்கள் நம் தலைக்கு மேலேயே போய்விடும். இருந்தாலும் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாலைகளில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவது வீண்போகாது.

இனி மொட்டை மாடி. ஆறு மீட்டருக்குத் தேவையான டைபோல் ஆன்டெனா மொத்தமே 2.84 மீட்டர், ஒரு கை 1.42. எண்பதுகளில் மாடிக்கு மாடி நின்ற தூர்தர்ஷன் ஆன்டெனாவின் நெருங்கிய சொந்தக்காரன் என்று சொல்லலாம். அலுமினியக் குழாய் இரண்டு, நடுவில் தாங்க ஒரு பிவிசி குழாய், அவ்வளவுதான். முதலில் ஒவ்வொரு கையையும் 1.47 மீட்டருக்கு வெட்டுங்கள். பிறகு, திரும்பிவரும் அலையின் அளவைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்தபடி இரண்டு பக்கமும் சமமாக, அரை அரை சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கேபிளை அப்படியே இணைத்தால் அதன் வெளியுறையும் ஆன்டெனாவாக வேலை செய்யத் தொடங்கிவிடும். இணைப்புக்குக் கீழே ஃபெரைட் வளையங்களைக் கோத்துவிட்டால் அடங்கும். டைபோல் கிடையாக இருக்கட்டும். வாக்கி-டாக்கி பழக்கத்தில் செங்குத்தாக நிறுத்திவிடாதீர்கள். வலுக்குறைந்த சிக்னலைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கிடையாகத்தான் வைத்திருக்கிறார்கள். கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 20 மீட்டர் ஆர்ஜி-58 உங்கள் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். ஆர்ஜி-213 ஐந்தில் ஒரு பங்கோடு விட்டுவிடும்.

பிறகு இரைச்சல். ரிக்கை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்: எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம். இறங்காவிட்டால், அம்பத்தூர்க்காரர்கள் தொழிற்பேட்டை ஓயும் ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டியதுதான். நாமும் பிறருக்குத் தொல்லை தரக்கூடாது. 50.1இன் இரட்டிப்பு 100.2, நேராக எஃப்எம் வானொலிக்குள் போய் விழும். அடுத்த வீட்டுக்காரர் பாட்டுக் கேட்கும் நேரத்தில் நாம் குறுக்கே வராமலிருக்க, ரிக்குக்குப் பின்னால் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போட்டுவிடுவது நல்லது.

பேண்ட் திறந்திருக்கிறதா என்று சும்மா சிக்யூ என்று பொது அழைப்புக் கொடுத்துத் தொண்டை வறள வேண்டியதில்லை. 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஜோ டெய்லரும், அவருடன் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017இல் வெளியிட்ட எஃப்டி8 முறையில், காதுக்கு எட்டாத சிக்னலையும் கணினி 15 விநாடிக்கு ஒருமுறை எழுத்தாக்கிக் காட்டும். கணினிக் கடிகாரத்தைச் சரியாக வைத்து, ரிக்கை 50.313இல் விட்டுவிட்டு, நீங்கள் பாட்டுக்கு வேறொரு ரிக்கில் இரண்டு மீட்டரைப் பாருங்கள். திரையில் தூரத்துக் கால்சைன் ஒன்று வந்ததும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஆறு மீட்டருக்கு ஓடிவந்துவிடுங்கள். இரண்டு மீட்டர்க்காரர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள், சாயங்காலம் பிடித்துக்கொள்ளலாம்.