தேடியும் கிடைக்காத அலைவரிசை

சிற்றலை வானொலிகள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று, அலைவரிசை அட்டவணையை மாற்றுவது வழக்கம். சிற்றலை, வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பியே நம்மை வந்தடைகிறது. பருவத்தோடு வெயில் மாற, அந்த அடுக்கும் மாறும். பழைய இடத்தில் இரைச்சலே மிஞ்சும். வானொலியின் முள்ளை நகர்த்தித் தேடினோம், கிடைத்தது.

2018இல் மணிலா வேரித்தாஸ் வானொலி சிற்றலையை நிறுத்தி இணையத்திற்கு மாறியது. கைப்பேசி பழகாத முதியோருக்கு, முள்ளை எவ்வளவு நகர்த்தினாலும் இனி அந்தக் குரல் கிடைக்காது.

காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிப்போன ஆயரின் மந்தை நாம். இவ்வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போவோம். நம் கைப்பேசியில் மறையுரையை ஒலிக்கவிட்டு, அவரோடு அமர்ந்து நாமும் கேட்போம். ஆமென்.